லண்டனில் ஒரு கறிக்கடை போட்டால்...

மகனைப் பார்க்க வெளிநாடு போகும் எந்த அப்பாவும் மூன்றாம் நாள் தொழிலதிபர் ஆகிவிடுவார். முதல் நாள் தூக்கத்தில் போகும். இரண்டாம் நாள் குளிரில் போகும். மூன்றாம் நாள் காலை தெருவை ஒரு சுற்று சுற்றி வந்து, மப்ளரைக்கூடக் கழற்றாமல் அறிவிப்பார்: "நானும் பாத்துட்டேன்டா, உருப்படியா ஒரு இட்லிக்கடை இல்ல. இங்க ஒண்ணு போட்டோம்னா பிச்சுக்கிட்டுப் போகும்!" மகன் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்க மாட்டான். மருமகள்தான், "மாமா, இன்னொரு தோசை வைக்கட்டுமா?" என்று பேச்சை மாற்றுவாள். சாப்பாட்டு மேஜையில் பிறந்த யோசனை அதே மேஜையில் ஏப்பத்தோடு அடங்கும்.

இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவருக்கு இதே யோசனை வந்தது. தோசை வைத்துப் பேச்சை மாற்ற ஆளில்லை. கடையைப் போட்டேவிட்டார்.

பெயர் ஷேக் தீன் முகமது. பிறந்தது 1759-இல், பாட்னாவில். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் இருந்து செத்துப்போனார். பையனுக்கு அப்போது பத்துப் பதினொரு வயது. அந்தக் காலத்தில் பாட்னாவிலிருந்து கம்பெனி அபினை எடுத்தது, வெடியுப்பை எடுத்தது. காட்ஃபிரே பேக்கர் என்ற அயர்லாந்துக்கார இளம் அதிகாரி தன் பங்குக்கு இந்தப் பையனை எடுத்துக்கொண்டார். பையன் படையோடு அலைந்து சுபேதார் வரைக்கும் உயர்ந்தான். பிறகு பேக்கருக்குப் படையில் பெயர் கெட்டது. ஊருக்கு மூட்டை கட்டினார். "நானும் வரேன் சார்" என்று தீனும் கப்பலேறினார். 1784-இல் அயர்லாந்தின் கார்க் நகரில் போய் இறங்கினார்கள்.

கார்க்கில் தீன் இங்கிலீஷ் படித்தார். இங்கிலீஷோடு சேர்த்து ஜேன் டேலி என்ற பெண்ணையும் பார்த்தார். 1786-இல் இருவரும் ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டார்கள். பாட்னாவானால் என்ன, கார்க்கானால் என்ன, இந்த விஷயத்தில் உலகம் ஒன்றுதான்.

1794-இல் ஒரு புத்தகம் எழுதினார். ஓர் இந்தியர் இங்கிலீஷில் எழுதி அச்சிட்ட முதல் புத்தகம் அது. முன்கூட்டியே 320 பேரிடம் சந்தா பிடித்துவிட்டார். இன்றைக்கு இதற்கு ஆங்கிலத்தில் நாகரிகமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போவது என்று பெயர். உள்ளே சில பகுதிகளை வேறு வெள்ளைக்காரர்களின் பயண நூல்களிலிருந்து எடுத்துப் போட்டிருந்தார். ஆக, இந்திய ஆங்கில இலக்கியம் முதல் நாளே எல்லா லட்சணங்களோடும் பிறந்துவிட்டது.

அயர்லாந்தில் இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டு, 1807 வாக்கில் குடும்பத்தோடு லண்டனுக்கு வந்தார். போர்ட்மேன் சதுக்கத்துப் பக்கம். கதை இங்கேதான் சூடு பிடிக்கிறது.

அந்தப் பேட்டை முழுக்க 'நேபாப்'கள். நம் நவாப் என்ற சொல்லை வெள்ளைக்காரர்கள் கடித்துத் துப்பியதில் கிடைத்த சக்கை அது. இந்தியாவுக்கு வெறுங்கையோடு போய், கை நிறையப் பணமும் வயிறு நிறைய வாயுவுமாகத் திரும்பியவர்களுக்கு ஊர் வைத்த பட்டப்பெயர். அவர்களில் ஒருவர் பேசில் கோக்ரேன். நம் மதராஸில் கடற்படைக்குச் சாமான் சப்ளை கான்ட்ராக்ட் எடுத்துக் கொழுத்தவர். நம் ஊர் வெயிலில் பல வருஷம் வெந்தது போதாது என்று லண்டன் வீட்டிலும் நீராவிக் குளியல் கூடம் வைத்து வெந்துகொண்டிருந்தார். தீன் அங்கேதான் வேலைக்குச் சேர்ந்தார்.

கண்ணெதிரே நீராவி. அதுதான் தொழில் என்று அப்போதே தோன்றியிருந்தால் இந்தக் கட்டுரை பாதியில் முடிந்திருக்கும். தீனுக்கோ ஆவியைப் பார்த்தால் பிரியாணி அண்டாதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். மனசுக்குள் கணக்குப் போட்டார்.

வாடிக்கையாளர் யார்? தெரு முழுக்க இந்தியாவில் இருபது வருஷம் சாப்பிட்டவர்கள். இப்போது என்ன சாப்பிடுகிறார்கள்? வேகவைத்த ஆட்டுக்கறி, வேகவைத்த உருளைக்கிழங்கு, வேகவைக்க வேறு எதுவும் கிடைக்காவிட்டால் வேகவைத்த முட்டைக்கோஸ். கையில் காசு இருக்கிறதா? நம் காசு முழுக்க அங்கேதான் இருக்கிறது. போட்டி? நம்மவர் கடை ஒன்றுகூடக் கிடையாது. பிச்சுக்கிட்டுப் போகும்!

1810-இல் ஜார்ஜ் தெரு 34-ஆம் எண்ணில் 'ஹிந்துஸ்தானி காபி ஹவுஸ்' திறந்தது. பெயரில்தான் காபி. நம் ஊர்க் காபி கிளப்பில் காபிக்கு முன்னால் நெய் ரோஸ்ட் வந்து நிற்பதில்லையா, அது மாதிரி. உள்ளே பிரம்பு சோபாக்கள், சுவரில் கீழை நாட்டுப் படங்கள், ஹூக்கா பிடிக்கத் தனி அறை. அன்னாசிப்பழப் புலாவ் ஒன்றின் விலை ஒரு பவுண்டு 16 ஷில்லிங். கூலித் தொழிலாளி ஒரு வாரம் முழுக்க உழைத்தாலும் கைக்கு வராத காசு. 1811-இல் 'தி டைம்ஸ்' பத்திரிகையில் விளம்பரமும் கொடுத்தார். இங்கிலாந்தில் இதைவிட நல்ல கறி எவரும் செய்ததில்லை என்று நாக்கு ருசி தெரிந்த பெரிய மனிதர்களே ஒப்புக்கொள்கிறார்களாம்.

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். கறி என்ற சொல்லே நம் வீட்டுச் சொல். போர்ச்சுகீசியர் வாயில் விழுந்து, இங்கிலீஷ்காரர் வாயில் எழுந்து, 'கர்ரி' ஆகிப் போனது. 1747-இல் ஹன்னா கிளாஸ் அம்மையார் போட்ட சமையல் புத்தகத்திலேயே அதற்குச் செய்முறை உண்டு. 1773-இல் லண்டனின் ஒரு காபி ஹவுஸ் கறி கிடைக்கும் என்று விளம்பரமும் செய்திருக்கிறது. ஆனால் இந்தியர் ஒருவரே முதலாளியாகக் கல்லாவில் உட்கார்ந்த முதல் கடை தீனுடையதுதான். பாய் கடைக்கு லண்டனில் கால்கோள் விழா அன்றைக்கே நடந்துவிட்டது.

இரண்டே வருஷம். 1812-இல் தீன் மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட்டார்.

கறியில் குறை இருந்ததாகத் தெரியவில்லை. கணக்கில்தான் ஓட்டை. நேபாப்கள் இந்தியாவிலிருந்து பணத்தை மட்டும் கொண்டுவரவில்லை, சமையல்காரர்களையும் ஆயாக்களையும் கூடவே கப்பலேற்றியிருந்தார்கள். வீட்டிலேயே கொதிக்கும்போது வெளியே எதற்கு? கம்பெனி வியாபாரம் பேச வேண்டுமானால், கார்ன்ஹில் பக்கம் 'ஜெருசலேம் காபி ஹவுஸ்' என்ற பழைய ஜமா இருந்தது.

மீறிக் கடைக்கு வந்த கர்னல் என்ன செய்திருப்பார் என்று எனக்குக் கண்ணில் தெரிகிறது. பிரம்பு சோபாவில் சாய்ந்து, ஒரு வாய் வைத்து, கரண்டியைக் கீழே போட்டிருப்பார். "நல்லாத்தான்யா இருக்கு. ஆனா மதராஸ்ல என் குசினிக்காரன் ஒரு மிளகுத்தண்ணி வைப்பான் பாரு..." நாம் எந்த ஊர் சரவணபவனுக்குப் போனாலும் "எங்க அம்மா வைக்கிற சாம்பார்" என்று ஆரம்பிக்கிறோமே, அதன் வெள்ளைக்காரப் பதிப்பு. கறி தெரிந்தவனுக்குக் கடை தேவையில்லை. கறி தெரியாதவனுக்கு அந்த வாசனையே ஆகாது. திருநெல்வேலிக்கே அல்வா கொடுக்கப் போன தீன், அல்வா வாங்கிக்கொண்டு திரும்பினார்.

1813-இல் மறுபடியும் பத்திரிகை விளம்பரம். இந்தத் தடவை கறிக்கு அல்ல. பட்லர் வேலை வேண்டும் என்று. வயது 54. நம் ஊரில் அந்த வயதில் பென்ஷன் கணக்கு போட உட்கார்ந்துவிடுவார்கள். தீன் அடுத்த வருஷம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிரைட்டனுக்குப் போனார்.

பிரைட்டன் கடலோர ஊர். பட்டத்து இளவரசர் அங்கே உல்லாச மாளிகை வைத்திருந்தார். ஜான் நாஷ் என்ற கட்டடக் கலைஞரை வைத்து அதன் தலையில் இந்தியக் கும்மட்டங்களை ஏற்றவிருந்த காலம். அதைவிட முக்கியம், அந்த ஊரின் மருத்துவ ஞானம். 1750-களில் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற டாக்டர், கடல் தண்ணீரில் குளித்தால் மட்டும் போதாது, குடிக்கவும் வேண்டும், நோயெல்லாம் பறந்துவிடும் என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். சீமான்களும் சீமாட்டிகளும் அதைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். கடல் தண்ணீரைக் காசு கொடுத்துக் குடிக்கிற கூட்டம்! சந்தை என்றால் இதுவல்லவா சந்தை.

தீன் இப்போதுதான் கோக்ரேன் வீட்டு நீராவியை ஞாபகப்படுத்திக்கொண்டார். மூலிகை போட்டுக் கொதிக்கவைத்த ஆவி. அதன் நடுவே, ஃபிளானல் துணியால் கட்டிய கூடாரத்துக்குள் நோயாளி. கூடாரத்தில் சட்டைக் கை மாதிரி இரண்டு ஓட்டை. வெளியே நிற்பவர் அதில் கையை விட்டு, உள்ளே இருப்பவரைப் பிசைந்து எடுப்பார். அமுக்கு, பிசை என்பதற்கு ஹிந்தியில் 'சாம்போ'. அதைத்தான் தீன் 'ஷாம்பூ' என்று விற்றார். நம் ஊர் சலூனில் முடி வெட்டி முடித்ததும் உச்சந்தலையில் நாலு தட்டு தட்டி, கழுத்தில் ஒரு சொடுக்கு எடுத்து, 'அவ்ளோதான்ணே' என்பார்களே, ஏறக்குறைய அதே சரக்கு. நம் ஊரில் அது இனாம். பிரைட்டனில் அது சிகிச்சை.

ஆஸ்துமா, வாதம், மூட்டுவலி, எல்லாம் குணமாகும் என்றார். குணமானவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்களை வாசலில் மாட்டிவைத்தார். அவர்கள் ஊன்றுகோல் இல்லாமல் வீடு போய்ச் சேர்ந்தார்களா என்று யாரும் பின்னாலேயே போய்ப் பார்க்கவில்லை. 1821-இல் கடலைப் பார்த்தபடி கிங்ஸ் ரோட்டில் 'முகமதுஸ் பாத்ஸ்' என்று பெரிய கட்டடம் எழுந்தது. பெண்கள் பகுதிக்கு ஜேன் பொறுப்பு. ஓடிவந்த கல்யாணம் ஒன்று உருப்படியாகத் தொழில் நடத்தியதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மறு வருஷம் ஷாம்பூ பற்றி ஒரு புத்தகம் போட்டார். அதில் பிறந்த வருஷம் 1759 என்பது 1749 ஆகிவிட்டது. சினிமாக்காரர்கள் வயதைக் குறைப்பார்கள். இவர் பத்து வருஷம் கூட்டிக்கொண்டார். காரணம் இருக்கிறது. படையில் சேருவதற்கு முன்னால் முறையாக மருத்துவம் படித்ததாகச் சொல்ல வேண்டும். படிக்க வருஷம் வேண்டாமா? நீட் எழுதாமல், கல்லூரி வாசலை மிதிக்காமல், ஒரே பேனாக் கீறலில் டாக்டர் ஆன மகான்.

அரண்மனை ஆளனுப்பியது. உல்லாச மாளிகை இளவரசர் இப்போது நான்காம் ஜார்ஜ் மன்னர். அவர் உடம்பு சாதாரண உடம்பல்ல. பிசைவதற்கு ஏக்கர் கணக்கில் இடமுண்டு. தீன் அரசருக்கே 'ஷாம்பூயிங் சர்ஜன்' ஆனார். அடுத்து வந்த நான்காம் வில்லியமும் அவரையே வைத்துக்கொண்டார்.

இந்தக் கதையில் நான் கண்ட நீதி ஒன்றுதான். தீன் நல்ல கறியை, கறி தெரிந்தவர்களிடம் விற்றார், திவால். எண்ணெய்க் குளியலின் தூரத்துச் சொந்தத்தை, அதன் தலையும் வாலும் தெரியாதவர்களிடம் விற்றார், ராஜ வைத்தியர். சரக்கின் தரத்தைவிட, வாங்குபவரின் அறியாமையின் தரம்தான் வெளிநாட்டு வியாபாரத்துக்கு மூலதனம். இட்லிக்கடை யோசிக்கும் அப்பாக்கள் இதை ஒரு தடவை படித்துவிட்டு மப்ளரைக் கழற்றலாம். நம்மவர்கள் குடியிருக்கும் தெருவில் மட்டும் கடை போட்டுவிடாதீர்கள். சட்னியில் ஆரம்பித்துச் சாதி வரைக்கும் குறை சொல்லிவிட்டு, பில்லில் தள்ளுபடியும் கேட்பார்கள்.

அந்தப் பத்து வருஷப் பொய்யின் கடனைப் பேரன்தான் அடைத்தான். ஃபிரெடரிக் அக்பர் முகமது நிஜமாகவே மருத்துவம் படித்து, லண்டன் கைஸ் மருத்துவமனையில் டாக்டராகி, ரத்த அழுத்த ஆராய்ச்சியில் பெயர் பெற்றார். தாத்தா 1851-இல் பிரைட்டனிலேயே காலமானார். கல்லறைக் கல்லில் வயது 101 என்று வெட்டியிருக்கிறது. செத்த பிறகும் விளம்பரத்தை நிறுத்தாத மனிதர்.

திவாலான கடைக்கும் காலம் போன பிறகு மரியாதை வந்தது. அதன் கையெழுத்து மெனு 2018-இல் 8,500 பவுண்டுக்கு விலைபோனது. அந்தக் காசில் பாதி 1812-இல் கிடைத்திருந்தால் மனிதர் பிரைட்டனுக்கே போயிருக்க மாட்டார். 

இப்போது லண்டன் ஜார்ஜ் தெருவில், அவர் ஓட்டல் நடத்திய இடத்துச் சுவரில், 2005-இல் வைத்த பச்சைப் பலகை ஒன்றுதான் இருக்கிறது. பிரைட்டனில், அவர் குளியல் கூடம் நடத்திய இடத்தில் நிற்பது ஒரு ஓட்டல்.