கரண்ட் போனாலும் போகாத ஞாபகம்

நுரைச்சோலையில் 900 மெகாவாட் மின்சாரம் உற்பத்தியாகிறது. 300 மெகாவாட் இயந்திரங்கள் மூன்று. இலங்கையில் அதைவிடப் பெரிய மின்நிலையம் கிடையாது. அதே கற்பிட்டிக் குடாநாட்டில்தான் என் வீடும் இருக்கிறது. ஆகவே கரண்ட் போகும்போது மற்ற ஊர்க்காரரைவிட எங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கோபம் வரும். 2022 மார்ச் 31இல் நாடு முழுவதும் 13 மணி நேர மின்வெட்டு என்றபோது, நிலக்கரிக் கப்பல் வந்துபோகிற கடலையே பார்த்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தோம்.

ஆனாலும் என்னை ஒரு கண்டுபிடிப்பாளன் ஆக்கியது அந்த மின்வெட்டு அல்ல, ஒரு குரங்கு. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றரை மணியளவில் பாணந்துறை உபமின்நிலையத்தில் அது எதையோ தொட்டது. நாடு முழுவதும் கரண்ட் நின்றது. குரங்குதான் காரணம் என்று அமைச்சரே சொன்னார். நுரைச்சோலை இயந்திரங்களும் அதோடு படுத்துவிட்டன. அந்த நேரம் நான் என் ஸ்பெக்ட்ரம் கம்பியூட்டரில் பகா எண்களைத் தேடும் புரோகிராம் ஒன்றைக் காலையிலிருந்து தட்டிக்கொண்டிருந்தேன். எதையும் கசெட்டில் பதிந்து வைத்திருக்கவில்லை. கரண்ட் திரும்பி வந்தபோது திரையில் '1982 சின்கிளேர் ரிசர்ச்' என்ற காப்புரிமை வரி மட்டும் நின்றது. நாற்பது வருடத்துக்கு முந்தியதை மறக்காத மெஷினுக்கு, காலையில் நடந்தது மட்டும் ஞாபகமில்லை.

அந்த மெஷின் என்னிடம் வந்த கதை சுருக்கமானது. வென்னப்புவவுக்குச் 'சின்ன இத்தாலி' என்று ஒரு பெயர் உண்டு. வீட்டுக்கொருவர் இத்தாலிக்குப் போயிருப்பார்கள். என்னோடு படிப்பிக்கிற ஒருவரின் அண்ணன் மிலானிலிருந்து திரும்பும்போது கொண்டுவந்த பெட்டிகளில் கோப்பிக் கேத்தல், ரவை மாவு பிசைகிற மெஷின், ஒரு கறுப்புச் சாமான் மூன்றும் இருந்தன. கறுப்புச் சாமானில் றப்பர் விசைகள். பெரிய கல்குலேட்டராக்கும், கணக்குச் சேருக்கு உதவும் என்று எனக்கு அனுப்பிவிட்டார்கள்.

1982இல் இங்கிலாந்தில் வெளிவந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் அது. ஞாபகசக்தி 48 கே. காலையில் மாமி வட்ஸ்அப்பில் அனுப்புகிற ரோஜாப்பூப் படம் ஒன்றைக்கூட அதற்குள் முழுதாக அடைக்க முடியாது. அந்த 48இலும் 32 கே எப்படி வந்தது என்பது தனிக் கதை. ஒரு பாதி பழுதாகிப்போன 64 கிலோபிட் சிப்களை மலிவு விலைக்கு வாங்கி, நல்ல பாதியை மட்டும் பாவித்தார் கிளைவ் சின்கிளேர். எந்தப் பாதி நல்லது என்று மெஷினுக்குச் சொல்ல, போர்டில் ஒரு சிறு கம்பித்துண்டை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ பற்றவைத்தார்கள். அழுகின பக்கத்தை வெட்டிவிட்டு மாம்பழம் விற்கிற புத்தி இது. அடுத்த வருடமே அவருக்குச் 'சேர்' பட்டம் கிடைத்தது. என்னையும் ஊரில் சேர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். எனக்குப் பள்ளிக்கூடம் கொடுத்தது, அவருக்கு அரண்மனை.

இந்த மெஷினில் எனக்குப் பிடித்தது அதன் முதுகு. பின்பக்கம் ஒரு நீளமான வெட்டு. அதற்குள் போர்டின் ஓரம் தெரியும். ஒரு பக்கத்துக்கு 28 வீதம் இரு பக்கமும் 56 இடங்கள். அதில் பக்கத்துக்கு ஓர் இடம், செருகியைத் தலைகீழாகச் செருகாமல் இருக்கப் போட்ட வெட்டு. முகவரிக் கம்பிகள் 16, தரவுக் கம்பிகள் 8, மூளையாகிய இசட்80 சிப்பின் மற்றக் கால்கள் என்று எல்லாம் வெட்டவெளியில் கிடக்கின்றன. யாரும் வரலாம், எதையும் கேட்கலாம், எதையும் சொல்லலாம். இன்றைய போனில் பெட்டரியைக் கழற்றவே கடைக்குப் போக வேண்டியிருக்கிறது. இங்கே கம்பியூட்டரின் நரம்பு மண்டலத்தையே திண்ணையில் காயப்போட்டிருக்கிறார்கள்.

அதனால்தான் உலகம் பூராவும் என்னைப்போன்ற ஆட்கள் இதன் முதுகில் செருக இன்னமும் புதுப்புதுக் கார்டுகள் செய்கிறார்கள். கசெட்டுக்குப் பதிலாக எஸ்டி கார்டு, வைஃபை, கூடுதல் ஞாபகம், நல்ல சத்தம். கிறிஸ் ஸ்மித் என்பவர் இதிலுள்ள முக்கியமான சிப்பின் உள்ளமைப்பையே அலசி ஆராய்ந்து 2010இல் முழுப் புத்தகமாக எழுதிவிட்டார். சைலொக் கம்பனி 1976இல் இறக்கிய இசட்80 சிப்பை 2024இல்தான் நிறுத்தியது. ஜூன் 14க்குள் கடைசி ஓடர் கொடுங்கள் என்று அறிவித்தார்கள். 48 வருடம் வேலை பார்த்துவிட்டு ஓய்வுக்குப் போன சிப். எங்கள் கல்வித் திணைக்களத்தில்கூட அவ்வளவு சேவைக்காலம் கிடையாது.

இலங்கைக்கு இந்தச் சிப் புதியதுமல்ல. 1983இல் ஆர்தர் சி. கிளார்க் கொழும்பிலிருந்தபடி, லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்த இயக்குநர் பீட்டர் ஹயம்ஸோடு '2010' படத்தைப் பற்றித் தொலைபேசிக் கம்பி வழியே கம்பியூட்டரில் கடிதம் பரிமாறினார். இருவரிடமும் இருந்தது கேப்ரோ 2. பாரமான உலோகப் பெட்டி. அதற்குள்ளும் மூளை இசட்80தான். வியாழன் கிரகத்துக்குப் போகிற கதையை அதில் எழுதினார்கள். நான் அதே மூளையை வைத்துக் கற்பிட்டி மின்வெட்டைத் தாண்டப் பார்க்கிறேன். இதில் எது கடினம் என்பதை விஷயம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

நான் செய்ய நினைத்த கார்டு இதுதான்: கரண்ட் போகிற கணத்தில் அது விழித்துக்கொண்டு, மெஷினைப் பிடித்து நிறுத்தி, 48 கேயையும் சிறு வட்டப் பெட்டரியில் உயிர்வாழும் ஒரு ஞாபகச் சிப்புக்குள் நகல் எடுக்க வேண்டும். கரண்ட் வந்ததும் பொத்தானை அழுத்தினால், விட்ட இடத்திலிருந்து வேலை தொடர வேண்டும்.

சாமான் வாங்கப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போனேன்.

"74எச்சி138 சிப் இருக்கா?"

"எந்த டிவிக்கு?"

"டிவிக்கு இல்ல தம்பி, கம்பியூட்டருக்கு."

"மொடல்?"

"1982."

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு மேல் தட்டிலிருந்து, வெயிலில் மஞ்சளாகிப்போன ஒரு பெட்டியை இறக்கித் தூசு தட்டி, "இதுல இருந்தா எடுத்துக்கங்க" என்றார்கள். இருந்தது. காசை வாங்கவும் கொஞ்சம் தயங்கினார்கள்.

ஸ்பெக்ட்ரத்தின் முதுகில் கவ்வுகிற செருகி மட்டும் கடையில் கிடைக்கவில்லை. அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. பழைய பீசீ தாய்ப்பலகைகளில் கறுப்பாக நீளமாக இருக்கும் ஐஎஸ்ஏ செருகியில் ஒரு பக்கத்துக்கு 31 கால்கள். இடைவெளி அச்சொட்டாக ஒன்றுதான். பழைய இரும்பு, போத்தல் வாங்குகிறவரிடம் ஒரு பலகை எடுத்து, செருகியைச் சூடுகாட்டிக் கழற்றி, இடுக்கியில் பிடித்து இரும்பறுக்கும் பிளேட்டால் 28இல் அறுத்தேன். அறுக்கும்போது 29ஆவது காலைப் பலி கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் 28ஆவதின் சுவர் உடைந்துவிடும். ஐந்தாவது இடத்துக் காலைப் பிடுங்கிவிட்டு, அங்கே ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டை ஒட்ட வேண்டும். இதை நான் செய்துகொண்டிருந்தபோது மனைவி வந்து நின்று பார்த்துவிட்டு, "தேங்காய் துருவத்தான் நேரமில்ல, என்ன?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பிறகு உப்புக்காற்று. மே முதல் ஒக்டோபர் வரை இங்கே வீசுகிற காற்றை நம்பி வெள்ளைக்காரர்கள் பட்டத்தைக் கட்டிக்கொண்டு களப்பில் சறுக்க வருகிறார்கள். அதே காற்று என் மெஷினின் செம்பு ஓரத்தைப் பச்சையாக்குகிறது. மகனின் அழிறப்பரால் தேய்த்தால் பளிச்சென்று வரும். அவன் பென்சில் பெட்டியில் அழிறப்பர் நிற்பதில்லை என்று வகுப்பு டீச்சர் கொப்பியில் எழுதி அனுப்பினார். அவரும் என் பள்ளிக்கூடம்தான். ஓய்வறையில் என் முகத்தை ஒரு மாதிரிப் பார்க்கிறார்.

இன்னொரு சட்டமும் உண்டு. மெஷினில் கரண்ட் ஓடும்போது கார்டைச் செருகவோ கழற்றவோ கூடாது. பழைய ஞாபகச் சிப்களுக்கு 5 வோல்ட்டோடு 12 வோல்ட்டும் மைனஸ் 5 வோல்ட்டும் வேண்டும். அதைத் தயாரிக்கும் சுற்றில் டிஆர்4 என்றொரு டிரான்சிஸ்டர். கார்ட் அரைகுறையாக உரசினால் முதலில் சாவது அதுதான். கரண்ட் இல்லைத்தானே என்ற தைரியத்தில் செருகக் கூடாது. பாதி செருகியிருக்கும்போது வந்துவிடும். நம் நாட்டில் கரண்ட் வருவதற்கும் நேரகாலம் கிடையாது.

மெஷினைப் பிடித்து நிறுத்த இசட்80இல் ஒரு கால் உண்டு, என்எம்ஐ என்பார்கள். அதைத் தொட்டால் சிப் எந்த வேலையையும் போட்டுவிட்டு 102ஆம் முகவரிக்கு ஓடும். ஸ்பெக்ட்ரத்தின் சொந்த ரொமில் அந்த இடத்தில் இருப்பது உலகப் புகழ்பெற்ற ஒரு தவறு: ஒரேயொரு கட்டளை தலைகீழாகிவிட்டது. எங்கே போக வேண்டும் என்று நாம் முகவரி எழுதி வைத்திருந்தால் அதைக் கண்டுகொள்ளாது. எழுதாமல் விட்டால் பூச்சியத்துக்குப் பாய்ந்து எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து தொடங்கும். 1982இலிருந்து எத்தனையோ இலட்சம் மெஷின்களில் அப்படியே போனது. நல்லவேளை, பின்முதுகில் ஒரு கம்பியை 5 வோல்ட்டுக்கு இழுத்தால் மெஷினின் ரொம் வாயை மூடிக்கொள்ளும். கார்டிலுள்ள என் ரொம் பேசலாம். நான் திருத்தியதுதான் பேசுகிறது.

இனிக் கணக்கு. 48 கே என்றால் 49,152 பைட். ஒரு பைட்டை நகர்த்த 21 துடிப்பு. வினாடிக்கு 35 இலட்சம் துடிப்பு. வகுத்தால் கிட்டத்தட்ட 0.3 வினாடி. கரண்ட் போன பிறகும் அந்த 0.3 வினாடி மெஷின் சாகாமல் இருக்க வேண்டும். கொண்டென்சரில் சேமிக்கலாம் என்று பார்த்தால், முக்கால் ஆம்பியரை, ஒன்றரை வோல்ட் இறங்குவதற்குள் கொடுக்க 150,000 மைக்ரோஃபாரட் வேண்டும். அந்த அளவுக்குப் பழைய கொண்டென்சர்களைத் தேடினால், டின்பால் டின் அளவில் ஒரு வரிசையே வைக்க வேண்டிவரும். கம்பியூட்டரைவிட வால் பெரிது.

படகு எஞ்சின் திருத்துகிற நானாவிடம் போனேன். ஒரு எஞ்சினின் மூடியை இன்னொரு எஞ்சினுக்கும், அதன் விசிறியை மூன்றாவதுக்கும் போட்டுக் கடலுக்கு அனுப்புகிறவர். இந்தப் பக்கத்தில் என் தொழிலை விளங்கக்கூடிய ஒரே ஆள். மோட்டார் சைக்கிள் பெட்டரி ஒன்று தந்தார். 12 வோல்ட், 5 ஆம்பியர் மணி. கரண்ட் போனதும் ஒரு டயோட் வழியே இது கைகொடுக்கும்; நகல் எடுத்து முடிய, ஒரு வினாடியில் ரிலே துண்டித்துவிடும். நானா எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். முகர்ந்தும் பார்த்தார். பிறகு சொன்னார்:

"சேர், பெட்டரிதான் இருக்கே. ஒரேயடியா பெட்டரியிலயே ஓட்டலாமே? ஆறு மணித்தியாலம் போகும்."

"போகும்தான் நானா. அப்ப இந்தக் கார்ட் எதுக்கு?"

"அதத்தான் சேர் நானும் கேக்கிறேன்."

இந்தக் கேள்வியை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. இன்றைக்கும் ஏற்றுக்கொள்ளவில்லை. தேவைக்குச் செய்வதென்றால் கம்பியூட்டர் கடையில் யூபிஎஸ் வாங்கலாம். அதைவிட நல்லது, ஸ்பெக்ட்ரத்தையே தூக்கி வைத்துவிட்டுப் போனில் பகா எண் பார்க்கலாம். ஒரு மெஷினின் கடைசிக் கம்பி வரைக்கும் ஒரு மனிதன் தன் ஒரே தலைக்குள் வைத்திருக்க முடிகிற காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தின் வாசல் அந்த 56 இடங்களில் இன்னும் திறந்திருக்கிறது. அதற்குள் போவதற்கு ஒரு காரணம் வேண்டும். எனக்குக் குரங்கு கொடுத்தது.

போர்டை கிகாட் என்ற இலவச மென்பொருளில் வரைந்து சீனாவுக்கு அனுப்பினேன். அங்கே ஐந்துக்குக் குறைய அச்சிட மாட்டார்கள். ஐந்துக்கும் சேர்த்துக் கொடுத்த காசைவிடப் பார்சல் கூலி அதிகம். வழியில் பார்சலைத் திறந்து பார்த்த அலுவலர் ஒருவர் போன் எடுத்து இது எதன் பாகம் என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். நீண்ட மௌனத்துக்குப் பிறகு, "வீட்டுப் பாவனை" என்று எழுதிக்கொண்டார். மிகச் சரியான வகைப்படுத்தல். வீட்டில் மற்றவர்கள்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

எல்லாம் பொருத்தி முடித்ததும் கரண்ட் போவதற்குக் காத்திருந்தேன். போகவில்லை. வாரக்கணக்கில் போகவில்லை. கையால் பிளக்கைப் பிடுங்கிப் பார்க்கலாம்தான்; பிடுங்கினேன், வேலை செய்தது. ஆனால் அது நாமே வினாத்தாள் அடித்து நாமே எழுதுகிற பரீட்சை. கடைசியில் ஒருநாள் இடி மின்னலோடு மழை வந்து, தெரு முழுக்க இருண்டது. அயல்வீடுகளிலெல்லாம் "ஐயோ" என்ற சத்தம் கேட்க, எங்கள் வீட்டில் மட்டும் ஒருவன் கைதட்டினான். கரண்ட் வந்ததும் பொத்தானை அழுத்தினேன். பகா எண்கள் 7,919ஐத் தாண்டி ஓடத் தொடங்கின.

பட்டச் சறுக்குக்கு வந்த ஐம்பது தாண்டிய ஆங்கிலேயர் ஒருவர் தண்ணீர் கேட்டு வந்து, யன்னலால் ஸ்பெக்ட்ரத்தைக் கண்டுவிட்டார். அன்று களப்பில் அருமையான காற்று. அவர் அந்தப் பக்கம் போகவேயில்லை. சின்ன வயதில் இசட்எக்ஸ்81இன் 16 கே ஞாபகப்பெட்டி விசையைத் தட்டும்போதெல்லாம் ஆடி, தட்டியதெல்லாம் அழிந்துபோன துயரத்தை மனைவிக்குச் சொன்னார். அதை ஒட்டுப்பசையால் பிடித்து வைப்பார்களாம். அவர் போனபிறகு மனைவி சொன்னாள்: "இது உங்களுக்கு மட்டும் வந்த வருத்தமில்லப்போல."

சீனாவிலிருந்து வந்த ஐந்து போர்டில் ஒன்று மெஷினில் இருக்கிறது. மற்ற நான்கும் சும்மா இருக்கின்றன. புத்தளம் மாவட்டத்தில், சிலாபம், மாரவில, மாதம்பைப் பக்கம், யார் வீட்டு அலுமாரிக்கு மேலாவது இத்தாலியிலிருந்து வந்த றப்பர் விசைக் கறுப்புப் பெட்டி கிடந்தால், தயவுசெய்து பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். போர்ட் இலவசம். செருகியை நானே அறுத்துத் தருவேன். பெட்டரிக்கு மட்டும் நானாவிடம் போக வேண்டும். போனால், எதற்கென்று சொல்லாதீர்கள்.