மீட்டர் மாமா

சாயங்காலம் ஏழு மணிக்கு வாசலில் வாளிச் சத்தம் கேட்டால் என் மனைவி எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. "மாமா வீட்ல நானூத்தி அறுபது தாண்டிருச்சு போல" என்பாள். வாளியில் ஊறிய இட்லி அரிசி. அதன் மேல் ஒரு சம்படத்தில் உளுந்து. மாமாவின் கக்கத்தில் இஸ்திரி போட வேண்டிய மூன்று சட்டை.

இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கரண்ட் பில் எப்படித் துள்ளும் என்பது உங்களுக்கும் தெரியும். முதல் 100 இலவசம், அது போகாது. அடுத்த 100க்கு இருக்கும் சலுகை விலைதான் பறந்துவிடும். 500க்கும் 501க்கும் நடுவே இருநூறு ரூபாய்க்கு மேல் ஒரு பள்ளம். நாமெல்லாம் அதில் விழுந்து, முனகிக்கொண்டே கட்டிவிட்டு வருகிறோம். மாமா விழமாட்டார். பள்ளம் கண்ணில் பட்டதுமே வண்டியை எங்கள் வீட்டுப் பக்கம் திருப்பிவிடுவார்.

அவருக்குக் காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் மீட்டர் தரிசனம். இந்த டிஜிட்டல் மீட்டர் சட்டென்று எண்ணைக் காட்டுகிற ஜாதி இல்லை. தேதி காட்டும், மணி காட்டும், வோல்டேஜ் காட்டும், ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டுத்தான் யூனிட்டுக்கு வரும். அந்த நேரம் பார்த்து மாமாவுக்குத் தும்மல் வரும். மறுபடி தேதியிலிருந்து ஆரம்பம். டார்ச்சும் கையுமாக இன்னொரு சுற்று நிற்பார். பார்த்த எண்ணில் போன ரீடிங்கைக் கழித்து, மிச்சத்தை வெள்ளை மீட்டர் அட்டையின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வார். 460 ஆனால் மாவு எங்கள் வீட்டில். 470 ஆனால் இஸ்திரியும். 480 ஆகிவிட்டால் மாமாவும் மாமியுமே எங்கள் வீட்டில்தான்.

கிரைண்டரைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அரைமணி நேரம் ஓடினாலும் அது குடிப்பது கால் யூனிட்கூட இல்லை. மாமி ஒரு தூக்கு மாவு வேறு வைத்துவிட்டுப் போவார். ஏசிதான் வயிற்றைக் கலக்குகிறது. ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் ஆறு சதவீதம் மிச்சம், 24க்குக் கீழே போகவே கூடாது என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் பாடம் எடுப்பவர், எங்கள் ஹால் சோபாவில் சாய்ந்ததும் "மாப்பிள்ளே, கொஞ்சம் குறைச்சு வைங்க, புழுங்குது" என்பார். அவர் வீட்டில் ரீடிங் எடுத்துவிட்டுப் போன அன்றைக்கே ஆள் மாயம். அப்புறம் நாற்பது நாளைக்கு நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்றுகூட விசாரிக்கமாட்டார்.

சிரிக்கிறேனே தவிர, மனிதர் பட்டது எனக்குத் தெரியும். மகள் கல்யாணத்துக்கு மூன்று கிரெடிட் கார்டைத் தேய்த்தார். மினிமம் டியூ கட்டினால் போதும் என்று நம்பி ஒன்றரை வருஷம் அதை மட்டுமே கட்டினார். பாக்கியில் நூற்றுக்கு ஐந்து ரூபாய் கட்ட, மாத வட்டியே மூன்றரை ரூபாயைத் தின்றது, அதற்கு வரி தனி. அசல் போட்ட இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. கடைசியில் மாமியின் ரெட்டைவடச் சங்கிலியைப் பாங்கில் வைத்துக் கார்டுகளை அடைத்தார். கார்டுக்கு வருஷத்துக்கு நாற்பதுக்கு மேல், நகைக்கு ஒன்பது, பத்து. இந்த வித்தியாசத்தை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டார். வெட்டிய கார்டுத் துண்டுகள் இன்னும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கின்றன. கடன் வாங்கப்போகிறேன் என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் அதை எடுத்துக் கிலுக்கிக் காட்டுவார்.

சங்கிலியை மீட்க நாலு வருஷம் ஆயிற்று. மீட்ட அன்று இருவரும் பாங்கிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். மாமா ஒன்றும் பேசவில்லை. மாமி கழுத்துப் பக்கம் முந்தானையைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு ஏசியை நானேதான் போட்டேன்.

அதெல்லாம் நடந்து மூன்று வருஷம் ஆகிறது. கடன் தீர்ந்தது, வாளி தீரவில்லை. அவர் வீட்டில் ஓடாத யூனிட் எங்கேயாவது ஓடத்தானே வேண்டும்? எங்கள் மீட்டரில் ஓடுகிறது. போன தடவை எங்களுக்கு 537. மாமா எங்கள் அட்டையைக் கேட்டு வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "குடும்பம்னா ஒரு கட்டுப்பாடு வேணும் மாப்பிள்ளே" என்றார்.

எங்கள் வீட்டு ரீடிங் 18ஆம் தேதி. இன்றைக்குத் தேதி 12, கணக்கு 471இல் நிற்கிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் வாளிச் சத்தம் கேட்கிறது. உங்கள் வீட்டில் 500க்கு இன்னும் இடம் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். ஒரு கிரைண்டர், ஒரு ஏசி இருந்தால் போதும். அரிசி அவரே கொண்டுவந்துவிடுவார்.