சொந்த இடம் எங்கை?

சகிப்புத்தன்மை என்றால் என்ன?
(மாணவி, மல்லாவி)

பரீட்சைக்கென்றால் புத்தகத்தில் உள்ளதை எழுதுங்கள். மற்றப்படி, நுளம்பைச் சகிக்கலாம், பல்லுக்கொதியைச் சகிக்கலாம். பக்கத்து வீட்டுக்காரரை ஏன் அந்த வரிசையில் வைக்க வேண்டும்? "நான் அவையளைச் சகிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்" என்று பெருமைப்படுகிறவரை அவையள் எப்படிச் சகிக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

வன்னியில் சாதி பார்ப்பதில்லை, அப்படித்தானே?
(வாசகர், துணுக்காய்)

பார்ப்பதில்லை, விசாரிப்பதோடு சரி. "சொந்த இடம் எங்கை?" துணுக்காய் என்றால் விடமாட்டார்கள். "அது இப்ப இருக்கிற இடம். அதுக்கு முதல்?" பேரனின் ஊரைச் சொன்னால், அந்த ஊரில் எந்தக் கோயிலடி என்பார்கள். கோயிலடி தெரிந்த பிறகுதான் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுவதா இல்லையா என்பது முடிவாகும்.

நாலு எழுத்துப் படித்தால் இதெல்லாம் போய்விடுமே?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், மாங்குளம்)

சேர், சாதி சொல்லிக் கோயிலிலும் கடையிலும் மறிப்பது குற்றம் என்று 1957இலேயே இங்கே சட்டம் வந்துவிட்டது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போக வந்தவர்களை மறித்தார்கள். முன்னுக்கு நின்று மறித்தவர் சி. சுந்தரலிங்கம். ஒக்ஸ்போர்டில் படித்தவர், கணிதப் பேராசிரியர், எங்கள் வவுனியாத் தொகுதியின் முன்னாள் எம்.பி. இன்னும் எவ்வளவு படிக்க வேண்டும் என்கிறீர்கள்?

மணமகள் தேவை விளம்பரத்தில் 'சாதி தடையில்லை' என்று போடுகிறார்களே, நம்பலாமா?
(பெயர் வேண்டாம், ஒட்டுசுட்டான்)

அதே விளம்பரத்தின் முதல் வரியைப் பாருங்கள். தன் சாதியைச் சொல்லிவிட்டுத்தான் தடையில்லை என்கிறாரா? பதில் உங்களிடமே இருக்கிறது.

யாழ்ப்பாணத்தார் எங்களை 'வன்னிக்காடு' என்கிறார்கள். கோபம் வராதா?
(விவசாயி, யோகபுரம்)

எனக்கும் வரும். ஆனால் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களை நாங்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம் என்று நினைத்தால் பாதி இறங்கிவிடும். 1977 கலவரத்தில் அடிவாங்கி வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறிய சனம் அது. அருவி வெட்டுக்கு அவர்கள் வேண்டும். வெட்டி முடிந்த பிறகு சாப்பாடு விறாந்தைக்கு வெளியில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1948இல் குடியுரிமைச் சட்டம் அந்தச் சனத்தை, மலையகத் தமிழரை, நாடற்றவர்களாக்கியது. அந்தக் கொள்கைக்கு ஒத்துப்போக மறுத்துத் தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்த செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அவர்களுக்காகக் கட்சியே தொடங்கிய ஆட்கள் நாங்கள். சம்பந்தம் பேசத்தான் இன்னும் தொடங்கவில்லை.

ஒடுக்கப்பட்ட இனம் நாங்கள். எங்களுக்கே பாடமா?
(வாசகர், பாண்டியன்குளம்)

1990 ஒக்ரோபர். வடக்கு முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் சில மணித்தியாலம். எங்கள் முல்லைத்தீவும் அதில் தப்பவில்லை. அயலவர் பலர் அழுதது உண்மை. பிறகு வீடுகளில் ஓடும் கதவும் காணாமற்போனதும் உண்மை. இப்போது திரும்பி வந்து காணி துப்புரவாக்குகிறவரைப் பார்த்து, "காணி பிடிக்க வந்திட்டினம்" என்கிறோம். ஒடுக்கப்பட்ட வாயிலிருந்துதான் அதுவும் வருகிறது.

எல்லாரும் ஒரே பந்தியில் இருந்த காலம் உண்டா?
(இல்லத்தரசி, துணுக்காய்)

உண்டு தங்கச்சி. 2009, செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாம். முட்கம்பிக்குள் ஒரே கிடாரம், ஒரே வரிசை, தண்ணிக்கு ஒரே பவுசர். 'ஆர் சமைச்சது?' என்று ஒருவர் கேட்டதையும் நான் கேட்கவில்லை. பசி அப்படி. 2012 செப்ரெம்பரில் முகாமை மூடினார்கள். ஊர் திரும்பி, கிணறு இறைத்து முடித்த அன்றே, கூலிக்கு வருகிறவர்களுக்கென்று வேறு வாளி வாங்கி வைத்த ஒரு வீட்டை எனக்குத் தெரியும். எங்கள் ஒழுங்கைதான்.

எல்லாரையும் கேள்வி கேட்கிற நீங்கள் எந்த இடம்?
(பெயர் இல்லை, முத்திரை மட்டும் இருக்கிறது)

வவுனிக்குளத்துத் தண்ணி பாய்கிற இடம். அடுத்த இதழுக்குக் கேள்வி அனுப்புகிறவர்கள் பெயரும் தபால் போய்ச் சேருகிற ஊரும் எழுதினால் போதும். சொந்த இடம் வேண்டாம்.