என்னை ஃபெயில் ஆக்கக் கோரும் விண்ணப்பம்

பெறுநர்: தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள் (பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம், கிரேடு ஷீட்டில் கையெழுத்துப் போட்டவர் தாங்கள், தங்களுக்கே தெரியும்.)

பொருள்: மூன்றாம் செமஸ்டர் கணிதத் தாளில் பெற்ற தேர்ச்சியை ரத்து செய்து, அரியர் வழங்கி உதவக் கோருதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

பாஸ் போடச் சொல்லிக் கெஞ்சும் மனுக்கள் தங்கள் மேசையில் குவிந்து கிடக்கும். இது தலைகீழ் மனு. தனிக் கோப்பு திறக்க உத்தரவிடும்படி முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

எம்-3 என்று பிள்ளைகள் நடுங்கும் தாள், டிரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்ட் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ். அதில் எனக்கு 51. கிரேடு 'சி', புள்ளி 5. என் ஹாஸ்டல் அறைத்தோழனுக்கு 49. கிரேடு 'யூ', புள்ளி பூஜ்யம். ரிசல்ட் வந்த இரவு அவன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். நான் நண்பர்களுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பரோட்டாவுக்கு இன்றுவரை வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவன் என்ன செய்தான்? அடுத்த செமஸ்டர் முழுக்க ஃபூரியர் தொடரோடு குடித்தனம் நடத்தினான். வெப்பச் சமன்பாட்டை ஏன் அப்படிப் பிரித்துத் தீர்க்கிறார்கள் என்று எனக்கே விளக்கினான். அதே தாளை அரியராக மறுபடி எழுதி 74 வாங்கினான். கிரேடு 'ஏ', புள்ளி 8. நானோ பாஸான மறுநாளே அந்தப் புத்தகத்தை ஜூனியர் ஒருவனுக்குப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன். ஆக, அவனுக்குக் கணக்குத் தெரியும். எனக்குத் தேர்ச்சி உண்டு.

இப்போது முதுகலைக்கு ஜெர்மனி போக ஆசை. அவர்கள் ஊரில் மதிப்பெண் தலைகீழ்: 1 என்றால் பிரமாதம், 4 என்றால் தப்பித்தோம். நம் சராசரிப் புள்ளியான சிஜிபிஏவை அதற்கு மாற்ற பவேரிய சூத்திரம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். உச்ச மதிப்பெண்ணிலிருந்து நம்முடையதைக் கழித்து, உச்சத்துக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சிக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். உச்சம் 10, தேர்ச்சி 5, என் சிஜிபிஏ 7.44. விடை 2.54. நான் குறிவைத்த துறை 2.50 கேட்கிறது. தசமத்துக்குப் பின் ஓர் இலக்கத்தோடு கண்ணை மூடிக்கொள்ளும் கருணைவான்களும் அங்கே உண்டு. இந்தத் துறை அந்த ரகமில்லை.

எம்-3 நான்கு கிரெடிட் தாள். மொத்தம் 165 கிரெடிட். 'சி' என்பது 'ஏ' ஆனால் பன்னிரண்டு புள்ளி கூடும், சிஜிபிஏ 7.51 ஆகும்; ஜெர்மன் கணக்கில் 2.49. எம்-3-ல் 51 வாங்கியவன் போட்ட கணக்குதான் என்றாலும் நாலு பேரிடம் காட்டிச் சரிபார்த்துவிட்டேன்.

சரி, மறுபடி எழுதிவிடலாம் என்று தங்கள் அலுவலகக் கவுன்ட்டருக்கு வந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் கிரேடு ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாஸ்தானே தம்பி, அப்புறம் என்ன?" என்றார். பாஸானவன் மறுபடி எழுத விதி இல்லையாம். ரீவேல்யூவேஷன் படிவத்திலும் மதிப்பெண்ணைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதற்குக் கட்டம் இல்லை.

ஒரு காலத்தில் பிளஸ் டூவில் 'இம்ப்ரூவ்மென்ட்' எழுதி மார்க்கை ஏற்றிக்கொண்ட மாமாக்கள் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மட்டமான கிரேடு வந்த பாடத்தை மறுபடி எடுக்கலாம். சில இடங்களில் புதிய கிரேடு மட்டும் கணக்கில் சேரும், சில இடங்களில் இரண்டும் சேரும். பழைய கிரேடு டிரான்ஸ்கிரிப்டில் பெரும்பாலும் அப்படியே நிற்கும். அதனால் திரும்ப எடுக்கலாமா, இல்லை அந்த நேரத்தில் ஒரு ப்ராஜெக்ட் செய்யலாமா என்று அங்கே பிள்ளைகள் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு அந்தக் குழப்பத்தைக்கூடத் தாங்கள் மிச்சப்படுத்திவிட்டீர்கள். நன்றி.

அரியர்காரனுக்குத் தண்டனையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 'ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ்' என்ற ஒரே வரியால் கேம்பஸ் இன்டர்வியூவில் என் அறைத்தோழனை வாசலிலேயே நிறுத்தினார்கள். படித்துத் தேறியவனுக்கு உள்ளூரில் கதவடைப்பு, படிக்காமல் தேறியவனுக்கு வெளியூரில் கதவடைப்பு. இப்படியொரு சமநீதியை மனுநீதிச் சோழனும் கண்டிருக்க மாட்டான்.

முன்னுதாரணம் இல்லையே என்று தாங்கள் தயங்கலாம். 2020-ல், கொரோனா காலத்தில், அரியருக்குக் கட்டணம் கட்டியிருந்தாலே தேர்ச்சி என்று தமிழக அரசு அறிவித்தது. முதல்வருக்கு நன்றி சொல்லி பேனர்கள் முளைத்தன. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமமான ஏஐசிடிஇ ஒப்புக்கொள்ளவில்லை; வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போனது; தேர்வு இல்லாமல் தேர்ச்சி கூடாது என்றாகி, கடைசியில் தேர்வு நடந்தது. அது கிடக்கட்டும். எழுதாதவனைப் பணம் வாங்கிக்கொண்டு பாஸ் ஆக்க ஒரு நாளாவது யோசித்த நாட்டில், எழுதியவனைப் பணம் வாங்கிக்கொண்டு ஃபெயில் ஆக்குவது பெரிய காரியமா? கட்டணத்தை இரண்டு மடங்காகவே கட்டுகிறேன். ரசீது மட்டும் போதும்.

ஐஐடிகளின் இணையவழிப் பாடத் தளமான என்பிடெல்லில் கணிதப் பாடம் எடுத்துச் சான்றிதழை இணைத்துவிடு என்கிறார் எங்கள் துறைப் பேராசிரியர். நல்ல யோசனை, பதிவும் செய்துவிட்டேன். ஐஐடி ஆசிரியர் அருமையாக நடத்துகிறார், முதல் தடவையாக எனக்குப் புரியவும் செய்கிறது. ஆனால் அந்தப் புரிதல் பவேரிய சூத்திரத்துக்குள் நுழையாது. அதற்குத் தேவை தாங்கள் அச்சடித்த புள்ளி.

ஆகவே ஐயா, என் மதிப்பெண்ணில் இரண்டைக் குறைத்து 49 ஆக்கி, என்னையும் அரியர்காரர்கள் வரிசையில் சேர்த்தருள வேண்டுகிறேன். அது மரபல்ல என்றால், பாஸானவனும் கட்டணம் கட்டி மறுபடி எழுதலாம், இரண்டு கிரேடும் ஷீட்டில் இருக்கும் என்று ஒரு வரி சேர்த்துச் சுற்றறிக்கை விடுங்கள். பழைய 'சி'யை மறைக்கச் சொல்லவில்லை. ஏப்ரல்-மே தேர்வுக்கு முன்பே விட்டால் நல்லது. ஜெர்மனியில் பல இடங்களில் குளிர்கால செமஸ்டருக்கான விண்ணப்பம் ஜூலை 15-ல் முடிகிறது.

இப்படிக்கு,
துரதிர்ஷ்டவசமாகத் தேர்ச்சி பெற்ற,
தங்கள் மாணவன்.

இணைப்பு: கிரேடு ஷீட் நகல், கெசட்டட் ஆபீசர் கையொப்பத்துடன்.