பந்தயம் ரெண்டு நாளு, மிச்ச நாளு யாருக்கு?

வா கண்ணு, இப்டி குந்து. கையில இன்னா சுருட்டிக்கினு வந்துக்கீற, மேப்பா? பிரி பாக்கலாம். ஓகோ, சோழவரத்து ரன்வே. அங்க மறுபடியும் ரேஸு உடணும்னு ஆசையா? சுத்தி கேலரி, நடுவுல கிளப்பு, ராத்திரி ஓட்டத்துக்கு லைட்டு, ஓரமா ஒரு மாலு. படம் சோக்கா கீது. மரமெல்லாம் பச்சப்பசேல்னு கீது, நடந்து போறவங்கல்லாம் வெள்ளவெளேர்னு கீறாங்க. நம்மாளு ஒர்த்தனையும் காணோம். உடு, கம்ப்யூட்டருக்கு நம்ம மூஞ்சி பழக்கம் இல்ல.

உன்ன மட்டம் தட்டுறதுக்கு நான் பேசல. நீ பெரிய ஆளா வரணும். அதுக்குத்தான் நாலு யோசன சொல்றேன். புடிச்சா எடுத்துக்கோ, புடிக்காட்டி டீய குடிச்சிட்டு கெளம்பு.

மொத யோசன. பழைய பெருமைய முன்னாடி வை. துட்டு கேக்கப் போற எடத்துல அதான் செல்லும். ரெண்டாவது ஒலகச் சண்டையில பிளேன் எறங்கறதுக்காவ போட்ட தரை அது. சண்ட முடிஞ்சி பிளேன் போச்சு, தரை நின்னுச்சு. 1953-ல மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புன்னு ஆரமிச்சவங்க கண்ணு அதும்மேல உழுந்துச்சு. அப்றம் வருசா வருசம் ரேஸுதான். கோயம்புத்தூரு கரிவரதன் இங்க ஓட்டினாரு. விஜய் மல்லையா, என்சைன்னு ஒரு ஃபார்முலா ஒன் வண்டிய எறக்கி ஓட்டினாரு. ஆனா அவரு நெசமா எம்மாம் வேகமா ஓடுவாருன்னு பேங்குக்காரங்களுக்கு 2016-லதான் தெரிஞ்சுது.

அந்தப் பெருமையில நம்ம வட மெட்ராஸ் பங்கையும் ரெண்டு வரி சேத்துக்கோ. மாம்மன் மாப்பிள்ளை 1946-ல திருவொத்தியூர்ல ஒரு கொட்டாயில பலூன் செஞ்சிக்கினு இருந்தாரு. அதுதான் பின்னால எம்.ஆர்.எஃப் டயராச்சு. 1948-ல ஆரமிச்சு, எண்ணூர்ல ஆஸ்டின் காரு பூட்டின அசோக் மோட்டார்ஸு, 1955-ல அசோக் லேலண்டாச்சு. அதே 1955-ல ஆரமிச்ச என்ஃபீல்டு இந்தியா கம்பெனி, புல்லட்ட பூட்டினது திருவொத்தியூர்ல. 1969-லேர்ந்து மணலில பெட்ரோலு காச்சுறாங்க. டயரு, வண்டி, பெட்ரோலு மூணும் நம்மாண்ட. பொகையும் நம்மாண்டதான். கோப்பைய மட்டும் வெளியூர்க்காரன் தூக்கிக்கினு போயிடுவான். நாமளும் கை தட்டிட்டு பஸ்ஸு புடிச்சி வருவோம்.

ரெண்டாவது யோசன. கட்றதுக்கு முன்ன, கட்டாம உட்டா இன்னா ஆவும்னு ஒரு தபா யோசிச்சுப் பாரு. சோழவரம் ராணுவத்து எடம், கிளப்புக்கு எரவல். எரவல் எடத்துல எவன் செவரு எழுப்புவான்? வருவாங்க, ஓட்டுவாங்க, மூட்ட முடிச்ச கட்டிக்கினு போவாங்க. அப்டியே முப்பது வருசத்துக்கு மேல நடந்துச்சு. எந்த மந்திரியும் ரிப்பன் வெட்டல, எந்த கான்ட்ராக்டரும் பில்லு போடல. அதனாலதான் அத்தினி வருசம் நடந்துச்சுன்னு சொன்னா நீ கோச்சுக்குவ, சொல்லல. அப்பறம் கிளப்பு இருங்காட்டுக்கோட்டையில சொந்தமா எடம் வாங்கி, 3.7 கிலோமீட்டருக்குத் தடம் போட்டு, 1990-ல தொறந்துச்சு. கெட்டிக்காரங்க. கொஞ்ச வருசத்துல அங்கியே ஹூண்டாய் கம்பெனியும் வந்து எறங்கிச்சு. நமக்கு இன்னா மிஞ்சிச்சுன்னு கேக்கறியா? அதே தரைதான்.

கட்டினா இன்னா ஆவும்னு பாக்கணும்னா, டில்லி பக்கம் கிரேட்டர் நொய்டாவுக்கு ரயிலு ஏறு. அஞ்சு கிலோமீட்டருக்கு மேல தடம், லட்சம் பேரு குந்தற கேலரி, பேரு பாவம் புத்தரோடது. 2011-ல மொத நாளு பிராக்டீஸ்ல தெருநாய் ஒண்ணு தடத்துல பூந்துடுச்சு. செவப்புக் கொடி காட்டி எல்லா வண்டியையும் நிறுத்தினாங்க. அன்னிக்கு டிக்கெட்டும் எடுக்காம, வரியும் கட்டாம ஓடினது அது ஒண்ணுதான். மத்தவங்களுக்கெல்லாம் வரி நோட்டீஸு வந்துச்சு. இது வெளாட்டா, வேடிக்கையான்னு ஒரு பஞ்சாயத்து. வருமானத்துக்கு வரி எங்க கட்றதுன்னு இன்னொரு பஞ்சாயத்து. இங்கதான் கட்டணும்னு 2017-ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிச்சு. அதுக்கு நாலு வருசம் முன்னாடியே ஃபார்முலா ஒன்காரன் போயிட்டான். 2011, 2012, 2013, மூணே ரேஸு. மூணுத்தலயும் வெட்டல்னு ஒர்த்தருதான் ஜெயிச்சாரு. 2023-ல மோட்டோ ஜிபி பைக்குங்க ஒரு தபா வந்துட்டுப் போச்சு. தடத்தக் கட்டின கம்பெனி கடன்ல முழுகிச்சு. கேலரிக்கு நெழல் இன்னும் உழுது, குந்தறதுக்குத்தான் ஆளு இல்ல.

மூணாவது யோசன. பெரிய மனுசங்க வந்தா வெளிநாட்டுக் கத ஒண்ணு சொல்லு, அவங்களுக்கு அதான் ருசிக்கும். ஸ்பீட்வேன்னு ஒண்ண எம் பேரன் போன்ல காட்டினான். இங்கிலாந்துலயும் போலந்துலயும் அதுக்குக் கூட்டமாம். பைக்குல பிரேக்கு கெடையாது, ஒரே கியரு, நாலு பேரு, நாலு சுத்து. நம்ம தண்டையார்பேட்டை ஷேர் ஆட்டோ மாதிரிதான், இன்னா ஒண்ணு, அவன் ஹெல்மெட்டு போடுறான். லண்டன்ல விம்பிள்டன் ஸ்டேடியம்னு ஒண்ணு, பைக்கும் ஓடிச்சு, பந்தய நாயும் ஓடிச்சு. 2017-ல மூடினாங்க, அப்றம் இடிச்சு, அடுக்குமாடி வீடும் கால்பந்து மைதானமுமா ஆக்கிட்டாங்க. ஆக்ஸ்போர்டுலயும் அப்டிதான் 2007-ல பைக்கு ஓட்டம் நின்னு போச்சு. அங்க மட்டும் ஊரு உடாப்புடியா நின்னுச்சு. 2022-ல பைக்கு திரும்பி வந்துடுச்சு. மைதானத்த காப்பாத்தறது இஞ்சினியரு இல்ல கண்ணு, பக்கத்துத் தெருக்காரன். அவனுக்கு அங்க வேல இல்லன்னா, இடிக்கறப்ப வேடிக்க பாப்பான். செங்கல்லு கெடைச்சா எடுத்துக்கினும் போவான்.

நாலாவது யோசன. தண்ணியப் பத்தி வாயே தொறக்காத. தொறந்தா மாட்டிக்குவ.

ஏன்னு கேக்கறியா? லண்டன் வரைக்கும் போவ வாணாம், கிண்டி குதிர ரேஸு மைதானத்தப் பாரு. 160 ஏக்கரு. 1945-லேர்ந்து 99 வருசத்துக்குக் குத்தக. வருசத்துக்கு 614 ரூபா சொச்சம் வாடக. எங்கூட்டு கரண்டு பில்லு அத்த விட ஜாஸ்தி. வாடக பாக்கி 730 கோடிக்கு மேலன்னு சொல்லி 2024 செப்டம்பர்ல சர்க்காரு குத்தகைய ரத்து பண்ணி, பூட்டும் போட்டுச்சு. வழக்கு ஒரு பக்கம் நடக்கச்சொல்லவே, வெள்ளத் தண்ணி நிக்கறதுக்குக் குளமும் வெட்டினாங்க. நல்ல வேலதான், நான் குத்தம் சொல்லல. தெக்கால ரேஸு மைதானத்தத் தோண்டிக் குளம் எடுக்கறாங்க. வடக்கால இருக்கற எண்ணூர் கழிய இன்னா பண்றோம்? கொசஸ்தலையாறு கடல்ல சேர்ற எடத்துல போய்ப் பாரு. அனல் மின் நிலையத்துச் சாம்பலு படிஞ்சு படிஞ்சு, முட்டியளவு தண்ணியில படகுலேர்ந்து எறங்கி, கையால தள்ளிக்கினு போறான் மீன் புடிக்கறவன். கால எடுத்தா வெள்ளையா சேறு ஒட்டிக்கினு வரும்.

ரேஸுக்கும் கழிக்கும் இன்னா சம்பந்தம்னு பாக்கறியா? தீவுத்திடல்ல ராத்திரி கார் ரேஸுக்கு 2023 டிசம்பர் 9, 10-ன்னு நாளு குறிச்சாங்க. 4-ந்தேதி மிக்ஜாம் புயலு வந்துச்சு. ரேஸ தள்ளி வெச்சாங்க. அதே வெள்ளத்துல மணலி ரீபைனரி பக்கத்துலேர்ந்து எண்ண எறங்கி, பக்கிங்காம் கால்வா வழியா எண்ணூர் கழிக்கு வந்து சேந்துச்சு. மக்குலயும் பக்கெட்டுலயும் எண்ணய மொண்டு மொண்டு டிரம்முல ஊத்துச்சு சனம். படகு, வல, நண்டு, கொக்கு, எல்லாம் ஒரே கறுப்பு. கையில ஒட்டினது எந்த சோப்புக்கும் போவல. ரேஸு 2024 ஆகஸ்ட் 31-ம் செப்டம்பர் 1-ம் ஜாம் ஜாம்னு நடந்துச்சு, மூன்றர கிலோமீட்டரு ரோட்டுல, பளபளன்னு லைட்டு போட்டு. ரேஸுக்கு வேற தேதி கெடைச்சிச்சு. கழிக்கு வேற கழி கெடைக்குமா?

இப்ப உம் மேப்புல கைய வை. இந்த நீலக் கலரு இன்னா? சோழவரம் ஏரி. ஒரு டிஎம்சிக்கு மேல தண்ணி நிக்கும், மெட்ராஸ் குடிக்குது. நீ அதும்பக்கத்துல ‘லேக் வியூ’ன்னு எழுதிக்கீற. பாரு, நல்லா பாரு. ஆனா பாத்துட்டு உம் மாலோட சாக்கடைய அந்தப் பக்கம் திருப்பிடாத. அப்பறம் போயஸ் கார்டன்காரனும் உன் வியூவத்தான் குடிக்கணும்.

சரி, கெழவன் குத்தமே சொல்றான்னு நெனைக்காத. ரேஸு வாணாம்னு நான் சொல்லல, எனக்கும் அந்தச் சத்தம் புடிக்கும். வருசத்துக்கு ரெண்டு நாளு ரேஸு உடு. மிச்ச 363 நாளுக்கு இன்னா பண்ணுவன்னு மொதல்ல எழுது. ராத்திரி ரோட்ல பைக்க முறுக்கி, போலீஸாண்ட மாட்டி, வண்டியையும் காலையும் ஒடைச்சிக்கற பசங்க ராயபுரத்துலேர்ந்து எண்ணூரு வரைக்கும் கீறாங்க. ஞாயித்துக்கெழம அவங்கள உள்ள உடு, ஹெல்மெட்டு போட்டா நூறு ரூபான்னு வை. நூறு ரூபா கண்ணு, ரெண்டாயிரம் இல்ல. மெக்கானிக் ஷாப்புல கருப்பு கையோட நிக்கற பையன் ஒருத்தனுக்கு ரேஸு வண்டி இஞ்சின அவுக்கக் கத்துக்குடு. லாரி ஓட்ட வர்றவனுக்கு அங்க டிரெய்னிங் குடு. ஆம்புலன்ஸ் டிரைவருக்கும் குடு. கட்டறத கம்மியா கட்டு. மழ பேஞ்சா தண்ணி நிக்கறதுக்கு ஒரு பள்ளம் உடு. ரேஸு நின்னு போனாலும் எடத்துக்கு வேல இருக்கும், இடிக்க வர்றவன வழி மறிக்கறதுக்கு ஆளும் இருப்பான்.

இத்தையெல்லாம் எழுதினா உனக்கு கமிஷன் கொறையும். அதுக்கு நான் பொறுப்பில்ல.

கடைசியா ஒண்ணு. மக்கள் கருத்துக் கேக்கற கூட்டத்த நுங்கம்பாக்கத்து ஏசி ஓட்டல்ல போடாத. இங்க போடு. பெரிய மனுசங்கள ஜிஎன்டி ரோடு வழியா சொகுசா கூப்ட்டுக்கினு வராத. துறைமுகத்துலேர்ந்து எண்ணூரு ரோட்ட புடிச்சு, கன்டெய்னரு லாரிக்குப் பின்னாலயே வரச் சொல்லு. வழியில டிரைலருக்கு அடியில தூளி கட்டித் தூங்கற டிரைவர ஒண்ணும் கேக்காதீங்கன்னு சொல்லு. அவன் ஸ்டவ்வு பத்த வெச்சி சோறு வடிச்சி, தின்னு, பாத்திரம் கழுவி முடிச்சாலும் வண்டி நவுராது. கூட்டம் காலையில பத்து மணிக்குன்னு போடு. மறுநாளு பத்து மணிக்குள்ள எவன் மொதல்ல வந்து சேர்றானோ, அவனுக்கே கோப்பையக் குடுத்துடலாம். ரேஸும் நடந்த மாதிரி ஆச்சு, நயா பைசா செலவும் இல்ல.