வத்தல்மலைத் தோள்பட்டை ஒலிகள்: ஒரு பூர்வாங்க ஆய்வு

குயிலின் ஓசையையும் பறையின் ஓசையையும் ஆராய்ந்த தமிழுலகம், கையைத் தூக்கினால் தோளில் எழும் ‘கடக்’ ஓசையை ஏனோ தீண்டாமலே விட்டுவிட்டது. இந்தக் குறையைப் போக்க முன்வந்த இவ்வாய்வு, களமாகத் தருமபுரி மாவட்டத்து வத்தல்மலையைத் தேர்ந்துகொண்டது. நகரத்து இரைச்சலில் தோள் பேசுவது யார் காதிலும் விழாது. தவிர, இந்த மலையில் தோளுக்கு ஓய்வு குறைவு. சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடிக்கு ஏணி வைத்துக் கை நீட்டவேண்டும், காப்பிக் கிளையை வளைத்துப் பிடித்துப் பழம் பறிக்கவேண்டும், சாமை குத்தவேண்டும். பெரியூர், பால்சிலம்பு பக்கத்துப் பெரியவர்களோ சாலை வருவதற்கு முன்பே மூட்டையைச் சுமந்து மலையிறங்கிப் பழகியவர்கள்.

முதன்மைச் சான்று ஓர் அடுப்படியில் கிடைத்தது. ராகிக் களி கிண்டுவது எளிய வேலையன்று. மாவு வெந்து இறுக இறுகத் துடுப்பு நகர மறுக்கும். பானையைக் காலால் அணைத்துக்கொண்டு, இரு கையாலும் துடுப்பை அழுத்திச் சுழற்றினால்தான் கட்டி தட்டாமல் வரும். அப்படி ஒரு பாட்டி கிண்டிக்கொண்டிருந்தபோது, ஒவ்வொரு சுற்றிலும் குறிப்பிட்ட ஓரிடத்தில் வலத்தோள் ‘லொடக்’ என்றது. ஆய்வாளர் பதறி, “நோவுதுங்களா?” என்று கேட்டார். “நோவு என்ன சாமி நோவு, அது பாட்டுக்கு லொடக்குனு கிடக்கும்” என்று சொல்லிவிட்டு, அவர் உருண்டை பிடிக்கத் தண்ணீர் தொட்டுக்கொண்டார். இந்தத் துறையின் பாதி முடிவு அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டதால் கட்டுரையை இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆய்வு மரபு அதை அனுமதிப்பதில்லை.

ஒலிக்குக் காரணம் தோளின் கட்டுமானம். உடம்பிலேயே அதிகத் திசைகளில் திரும்பும் மூட்டு இதுதான். அந்தச் சுதந்திரத்துக்கு விலை உண்டு. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, ஆழமில்லாத ஒரு குழியில், தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் போல ஒட்டிக்கொண்டிருக்கிறது. விழாமல் பிடித்திருப்பவை சுற்றியுள்ள தசைகளும் நார்களும். அவற்றில் ஒரு நார் எலும்பு மேட்டைத் தாண்டி வழுக்கும்போது ‘லொடக்’. முதுகுப் பக்கம் தோள்பட்டை எலும்பு விலாவின் மேல் உராய்ந்தால் ‘கரகர’. உள்ளே காற்று நிறைந்த மார்புக்கூடு இருப்பதால் இந்தக் கரகரப்பு உள்ளதைவிடப் பெரிதாகவே கேட்கும். குருத்தெலும்பு தேய்ந்த மூட்டிலிருந்து வருவது ‘நறநற’. இவை எல்லாவற்றையும்விடப் புகழ்பெற்றது, மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாக்கும் ‘சொடக்’.

இந்தக் குமிழி விஷயத்தில் நம் பாட்டிமார் அறிவியலை முந்திவிட்டார்கள் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். குழந்தைக்குத் திருஷ்டி கழித்து, விரல்களை நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறிப்பார்கள். படபடவென்று சொடக்கு விழுந்தால், “அம்மாடி, எவ்வளவு கண்ணு!” உடனே இன்னொரு முறை முறித்தால் சத்தமே வராது. “கழிஞ்சு போச்சு!” முறித்த மூட்டு மறுபடி சொடக்குப் போடச் சுமார் இருபது நிமிடம் ஆகும் என்று ஆய்வகங்கள் பின்னால் அளந்தன. 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் விரலை எம்ஆர்ஐ கருவிக்குள் வைத்து இழுத்து, குமிழி பிறக்கும்போதே சத்தம் வருகிறது என்றார்கள். 2018இல் கணித மாதிரி போட்ட வேறு இருவர், அது பாதி உடைந்தாலே அந்தச் சத்தத்துக்குப் போதும் என்றார்கள். கண் பட்டதா இல்லையா என்பதை இரு தரப்பும் ஆராயவில்லை.

நெட்டி முறித்தால் மூட்டு வாதம் வரும் என்று பயமுறுத்துவது உலகத் தாய்மாரின் பொது வழக்கம். அமெரிக்க மருத்துவர் டொனால்ட் அங்கர், தம் தாயும் அத்தைகளும் மாமியாரும் சொன்னதைச் சோதிக்க, ஐம்பதாண்டுகள் இடக்கை விரல்களை மட்டும் நெட்டி முறித்தார். இரண்டு கையிலும் வாதம் இல்லை என்று 1998இல் எழுதினார். 2009இல் அவருக்கு, விநோத ஆய்வுகளுக்கான இக்நோபல் பரிசு கிடைத்தது. மாமியாரை எதிர்த்து ஐம்பதாண்டு ஆதாரம் திரட்டிய வேறொரு மருமகனை இவ்வாய்வாளர் அறியார்.

ஆக, வலியில்லாத சத்தம் வெறும் ஊர்ப்பேச்சு. அதற்கு எக்ஸ்ரேயும் வேண்டாம், தைலமும் வேண்டாம். நாம் அஞ்சவேண்டியது சத்தமே போடாத தோளைத்தான். நாற்பது முதல் அறுபது வயதுக்குள், குறிப்பாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு, தோள் மெல்ல இறுகும். முதலில் இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. பிறகு கொண்டை போடக் கை எட்டாது, சட்டையில் கைவிட முடியாது. ‘உறைந்த தோள்’ என்னும் இந்த நோய் தானாக இளக ஓராண்டு, சிலருக்கு மூன்றாண்டுகூட ஆகிவிடும். சீக்கிரம் மருத்துவரிடம் போனால் வலியையாவது குறைக்கலாம்.

சத்தத்தோடு வலி சேர்ந்தாலோ, கை பாதியில் சிக்கி நின்றாலோ, தூக்கும் பலம் குறைந்தாலோ மருத்துவரிடம் காட்டவேண்டும். ஏணியிலிருந்து விழுந்தபோது ‘டப்’ என்று கேட்டு, அதன்பின் கை மேலே எழவில்லை என்றால் நார் அறுந்திருக்கலாம், நாள் கடத்தக் கூடாது. தோள்மூட்டு நழுவியிருந்தால் யாரையும் இழுத்துவிடச் சொல்லாதீர்கள். அக்குளில் நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுகின்றன. மூட்டு வீங்கிச் சூடேறிக் காய்ச்சலும் அடித்தால் அன்றைக்கே போகவேண்டும். இடத்தோள் வலியோடு நெஞ்சு கனத்து வியர்த்தால் அது தோள் விவகாரமே அல்ல. உடனே 108ஐ அழைக்கவேண்டும்.

மலையிறங்கினால் தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2021 ஆகஸ்டில் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வந்து இயன்முறைச் சிகிச்சை தருவதும் உண்டு. இயன்முறைப் பயிற்சிகளில் ஒன்றான, குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஊசலாட்டும் பயிற்சி, பாஸ்டன் மருத்துவர் காட்மனின் பெயரால் வழங்குவது. களிப் பாட்டிக்கு இதைச் செய்து காட்டியபோது, “இதுக்குப் போயி ஒரு டாக்டரா?” என்று கேட்டார்.

இவ்வாய்வில் விடுபட்ட பகுதி ஒன்று உண்டு. கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தின் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்கிய பயணிகளின் ஒலிகளில், எது தோள், எது வண்டியின் ஸ்பிரிங் பட்டை என்று பிரித்தறிய முடியவில்லை. நடத்துநரிடம் விசாரித்தபோது, “ரெண்டுமே ரொம்ப நாளா அப்படித்தாங்க” என்று சொல்லிவிட்டுச் சில்லறை கேட்டார்.