இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே நான்கு மணி நேரம்

தோகா, 26-11-2022

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு மருமகன் வணக்கத்துடன் எழுதிக்கொள்ளும் மடல்.

உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி முன்னர் நடந்த பெரிய நாடுகளில், ஓர் ஆட்டத்தைக் கண்டவர் அடுத்த ஆட்டத்துக்கு விமானமோ இரவு ரயிலோ ஏற வேண்டியிருந்தது. கத்தாரிலோ எட்டு அரங்குகளும் தோகாவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் அமைந்திருப்பதாலும், மிக விலகியிருக்கும் இரண்டுக்கு இடையிலும் ஏறத்தாழ 75 கிலோமீட்டரே இருப்பதாலும், ஒரே நாளில் இரண்டு ஆட்டங்களைப் பார்ப்பதும் நடுவில் கிடைக்கும் நேரத்தில் ஊர் சுற்றுவதும் இயலக்கூடியவை ஆகிவிட்டன. மதுரை–திண்டுக்கல் தடத்தில் முப்பது ஆண்டுகள் நடத்துநராக இருந்த மாமா அவர்களுக்கு இந்தத் தொலைவு ஒரு நடையைவிடச் சற்றே கூடுதல்.

இங்கு வாழ்வோருக்கென 40 ரியாலில், அதாவது ஏறத்தாழ 900 ரூபாயில், தனி நுழைவுச்சீட்டு விற்கப்படுகிறது. அத்துடன் ‘ஹய்யா’ என்னும் அட்டையும் வேண்டும். இந்த அரபுச் சொல்லுக்கு ‘வா, போகலாம்’ என்று பொருள் என்பதால், மாமா அவர்கள் பணிக்காலம் முழுவதும் விசிலோடு சேர்த்துச் சொல்லிவந்த ‘போலாம் ரைட்’ என்பதே அதன் சரியான தமிழாக்கம் எனலாம். அட்டை வைத்திருப்பவர் மெட்ரோ ரயிலில் கட்டணமின்றிச் செல்லலாம். நம் ஊரில் 2021 முதல் நகரப் பேருந்தில் மகளிருக்கு உள்ள இச்சலுகை இங்கே மீசை வைத்தவர்களுக்கும் கிடைத்திருப்பது, வேட்டி கட்டியதன் பயனை இதுவரை பேருந்தில் கண்டிராத ஆண்குலத்துக்கு ஓர் ஆறுதல்.

மற்ற நாட்களில் ஒரு பயணத்துக்கு 2 ரியால் கட்டணம். 2019இல் ஓடத் தொடங்கிய இந்த வண்டிக்கு ஓட்டுநர் கிடையாது, நடத்துநரும் கிடையாது, ஆகவே மீதிச் சில்லறையைச் சீட்டின் பின்புறம் எழுதிக் கொடுத்துவிட்டு, இறங்கும்போது பயணி மறந்துவிடுவதைப் பொறுமையோடு எதிர்பார்க்கும் கலை இந்நாட்டில் வளர வாய்ப்பில்லை. வண்டியில் பொதுப் பெட்டி, குடும்பப் பெட்டி, ‘கோல்டு’ என்னும் உயர்வகுப்பு என மூன்று பிரிவுகள் உண்டு. குடும்பப் பெட்டியில் பெண்களும், குடும்பத்தோடு வரும் ஆண்களும் ஏறலாம். ‘பேச்சிலர்’ ஏறக் கூடாது. இந்தச் சொல்லுக்கு வளைகுடாவில் தனிப்பொருள் உள்ளதை இங்கே விளக்குவது கடமையாகிறது: மணமாகாதவர் என்று அதற்குப் பொருளன்று; மனைவியை ஊரில் விட்டுவிட்டு வந்திருக்கும் எந்த ஆணும், இரண்டு பிள்ளைகளுக்குத் தந்தையாயினும், பேச்சிலரே. மாமா அவர்களின் மருமகனும் இந்நாட்டு வழக்கின்படி அப்பிரிவைச் சேர்ந்தவன் என்பதைத் தவறாகக் கொள்ள வேண்டாம்.

நேற்று வெள்ளிக்கிழமை, விடுமுறை. பிற்பகல் 1 மணிக்கு அகமது பின் அலி அரங்கில் வேல்சும் ஈரானும் மோதின. 1958க்குப் பின் இப்போதுதான் உலகக் கோப்பைக்குள் வந்திருக்கும் வேல்ஸ் நாட்டார், 90 நிமிடம் முடிந்தும் கோல் விழாத நிம்மதியில் இருக்கையில், ஈரான் கூடுதல் நேரத்தில் இரண்டு கோல் அடித்துவிட்டது. வண்டி புறப்பட்டுவிட்டது என்று கடைசி இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடியவரிடம் சீட்டுப் பரிசோதகர் வந்து நின்றால் முகம் எப்படியாகுமோ, அப்படி ஆயின அவர்கள் முகங்கள்.

அடுத்த ஆட்டம் மாலை 7 மணிக்குக் கலீஃபா அரங்கில். இடையே ஏறத்தாழ நான்கு மணி நேரம். அல் ரிஃபா நிலையத்தில் பச்சைத் தடத்தில் ஏறி, மூன்று தடங்களும் சந்திக்கும் முஷைரிபில் இறங்கி, தங்கத் தடத்துக்கு மாறினால் அடுத்த நிலையமே சூக் வாகிஃப். மெட்ரோ ஊர் பார்க்க ஏற்ற வாகனம் அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். தங்கத் தடம் முழுக்க நிலத்துக்கு அடியில் ஓடுவதால், சன்னலோர இருக்கையைப் பிடித்தவருக்குத் தெரிவது தம் முகமே.

‘சூக் வாகிஃப்’ என்பதற்கு ‘நின்ற சந்தை’ என்று பொருள். முற்காலத்தில் ஓடை நீர் புகுந்த இடமாதலால் வணிகர்கள் நின்றபடியே விற்றனர் என்பர். நேற்றும் உட்கார இடமில்லை. மறுநாள் ஆட்டத்துக்காக வந்திருந்த மெக்சிகோ நாட்டார் குடை போன்ற தொப்பிகளோடும், அர்ஜென்டினா சட்டை அணிந்தோர் மலையாளம் பேசிக்கொண்டும் உலவினர். அங்கே வல்லூறுகளுக்கென ஒரு மருத்துவமனை இருக்கிறது. வேட்டைப் பறவையின் இறகு முறிந்தால், முன்பு உதிர்ந்தபோது சேர்த்துவைத்த இறகொன்றைப் பொருத்தி ஒட்டவைக்கிறார்கள்; பல்வலிக்கு விடுப்புக் கேட்கவே மூன்று நாள் யோசிக்கும் ஒரு மனிதன் அக்கட்டடத்தின் முன் சற்று அதிக நேரம் நின்றதில் வியப்பில்லை.

அடுத்த நிலையம் தேசிய அருங்காட்சியகம். பாலைவன மணலில் கனிமம் இதழ் இதழாகப் படிந்து உண்டாகும் ‘பாலை ரோஜா’ என்னும் கல்லின் வடிவில், 539 வட்டத் தகடுகளை ஒன்றையொன்று வெட்டும்படி சாய்த்து, பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஜான் நூவெல் அதை வடிவமைத்தார். தட்டு கழுவி அடுக்கத் தெரியாதவர் வேலை என்று அத்தை சொல்லக்கூடும். மாலை வெயிலில் அழகாகவே இருக்கிறது. சனையாவிலிருந்து, அதாவது தொழிலாளர் குடியிருப்புகள் நிறைந்த தொழிற்பேட்டையிலிருந்து, ஆறு ஆண்டுகளாக நிறுவனப் பேருந்தில் வேலையிடத்துக்கும் அறைக்குமாகப் போய்வந்த மருமகன், சாலைத் திருப்பத்தில் சில நொடிகள் மட்டுமே கண்டிருந்த அக்கட்டடத்தை, நேற்றுத்தான் நடந்து சுற்றிப் பார்த்தான். பந்தாட்டம் இல்லாதிருந்தால் அதுவும் இல்லை.

திரும்பும்போது நிலையம் கண்ணெதிரே தெரிந்தும், கூட்டத்தைச் சீராக்க வைத்த தடுப்புக் கம்பிகள் திருப்பதித் தர்ம தரிசன வரிசைபோல் வளைத்து வளைத்து நடக்கவைத்தன. முடிவில் லட்டு மட்டும் இல்லை. வழிநெடுக உயர்ந்த நாற்காலிகளில் அமர்ந்த இளைஞர்கள், கையில் பெரிய நுரைப்பஞ்சு விரலோடு, ‘மெட்ரோ, திஸ் வே’ என்று ஒலிபெருக்கியில் ராகம் போட, கூட்டமே பின்பாட்டுப் பாடுகிறது. நடத்துநர் இல்லாத வண்டிக்கு வெளியே நடத்துநரின் குரல் மட்டும் பிழைத்திருக்கிறது. கலீஃபா அரங்கில் நெதர்லாந்தும் ஈக்வடாரும் ஆளுக்கொரு கோலோடு சமமாக முடித்துக்கொண்டன.

மாமா அவர்களிடம் ஒரு விண்ணப்பம். இத்திருவிழா முடிந்தபின் தங்கள் மகளை ஒரு மாதம் இங்கு அனுப்பிவைத்தால், மருமகன் 2 ரியால் கட்டணத்தைத் தானே செலுத்தி, குடும்பப் பெட்டியில் ஒருமுறை உட்கார்ந்து பார்ப்பான்.

இங்ஙனம்,
பணிவன்புடன்,
மருமகன்